தலையணையில் ஏன் அணை? - கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ‘தலகாணி’தான். பள்ளியில் ‘தலையணை’ என்று படித்துவிட்டு வந்த மகள், “அணைன்னா தண்ணி தேக்குறதுதானே, அது எப்படித் தலைக்கு வந்துச்சு?” என்று கேட்கிறாள். தலைக்கென்று ஒதுக்கிய காணி, அதனால்தான் தலகாணி என்கிறார் என் மாமனார். எது சரி?

ச., சேலம்

அன்புள்ள ச.,

மாமனாரின் விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காணிக்கும் இதற்கும் உறவில்லை. தலையணைதான் பேச்சில் புரண்டு புரண்டு தலகாணி ஆனது. வீட்டில் அப்படியே சொல்லுங்கள், தப்பே இல்லை.

மகள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. வாழைக்கும் கரும்புக்கும் ‘மண் அணைக்கிறது’ என்று வயலில் சொல்வார்கள். தூர் சாயாமல் இருக்க, ஒட்டினாற்போல் மண்ணைச் சேர்த்துக் கொடுப்பது. பிள்ளையை அணைத்துக்கொள்வதும் இதே சொல்தான். ஒட்டி நின்று தாங்குவது எதுவோ அது அணை. ஆற்றைத் தாங்கினாலும் அணை, உடம்பைத் தாங்கினாலும் அணை. பழந்தமிழில் படுக்கைக்கே அணை என்று பெயர்: பஞ்சணை, மலரணை. பெருமாள் பள்ளிகொண்ட பாம்பை ஆழ்வார்கள் பாம்பணை, அரவணை என்று பாடுகிறார்கள். தலைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது தலையணை. மலையாளத்திலும் ‘தலயண’ உண்டு.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். களக்காட்டிலும் பாபநாசத்திலும் ‘தலையணை’ என்றே பெயர் கொண்ட அணைகள் இருக்கின்றன. “நாளைக்குத் தலையணைக்குக் குளிக்கப் போறோம்” என்று அப்பா சொல்லிவிட்டால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வராது.

அப்புறம், அம்மா தலையணை தைப்பது. இலவங்காய் வெடிக்கும் கோடையில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பஞ்சைப் பெரிய பானையில் போட்டுக் குச்சியால் சுழற்றுவாள். கறுப்பு விதையெல்லாம் அடியில் இறங்கிவிடும், பஞ்சு மேலே பொங்கி நிற்கும். உறைக்குள் நான் அள்ளி அள்ளித் திணித்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். “போதும்டா. கல்லு மாதிரி ஆயிட்டா அது எப்படித் தலையத் தாங்கும்?”

அடுத்த முறை வாழைத்தோப்புப் பக்கம் போனால், மகளுக்கு மண் அணைத்த தூரைக் காட்டுங்கள்.