விமானம் ஏறப் பயம்: தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. திருச்சியில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் சென்றபோது நடுவழியில் விமானம் பலமாகக் குலுங்கியது. மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, கைவிரல்கள் மரத்துப்போயின. அங்கேயே உயிர் போய்விடும் என்று நினைத்தேன். அகமதாபாத் விபத்துச் செய்தியைப் பார்த்த பிறகு தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது. மகளின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதத்தில் போயாக வேண்டும். தன்னிடம் இருக்கும் தூக்க மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது என்பது நல்ல செய்தி; இந்த அச்சத்தைக் கையாளப் பழக அது போதுமான காலம்.

விமானப் பயம் என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் பல பயங்கள். விழுந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு; உயரத்தை அஞ்சுபவர்கள் உண்டு; கதவை மூடிவிட்டால் இறங்க முடியாதே என்று தவிப்பவர்கள் உண்டு; அங்கே வைத்துத் தமக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தம் உடலையே அஞ்சுபவர்களும் உண்டு. நீங்கள் விமானம் குலுங்கியதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மூச்சு, நெஞ்சு, விரல், உயிர் என்று எழுதிச் செல்வதைப் பார்த்தால், உங்களிடம் ஓங்கி நிற்பது கடைசி வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. சாலையைவிட விமானம் பாதுகாப்பானது என்ற புள்ளிவிவரங்களைக் கேட்டும் உங்கள் பயம் குறையாததற்கு இதுதான் காரணமாக இருக்கும். இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தார்கள். ஆனாலும் சென்னைப் பேருந்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். மனம் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, கண்ணில் பதிந்த காட்சியைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தது உண்மை. அப்படி இனி நடக்கவே நடக்காது என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால் அந்தக் காணொளியை மறுபடியும் மறுபடியும் பார்ப்பதால் உங்கள் பாதுகாப்பு சிறிதும் கூடாது, அச்சம் மட்டுமே கூடும். இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

அன்று உங்கள் உடலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. அளவுக்கு மீறி வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது, காற்றே போதவில்லை என்ற உணர்வும் வருகிறது. போதவில்லை என்று எண்ணி இன்னும் வேகமாக மூச்சை இழுத்தால் அறிகுறிகள் இன்னும் கூடும். இதைப் பீதித் தாக்கு என்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே தணியும். மிகவும் துன்பம் தருவதுதான், ஆனால் உயிரைப் பறிப்பது அல்ல. எனினும் உங்கள் வயதில் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், ஒருமுறை மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரி என்று தெரிந்தபின் அதே பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளக் கூடாது.

விமானத்தைப் பற்றி உங்களுக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். குலுக்கத்தைத் தாங்கும் வகையில்தான் இறக்கைகள் வளையும்படி செய்யப்படுகின்றன. 1995இல் போயிங் 777 ரக விமானத்தின் இறக்கைகளை வேண்டுமென்றே முறியும்வரை வளைத்துச் சோதித்தார்கள்; பறக்கும்போது எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டி, நுனிகள் ஏறத்தாழ 24 அடி மேலே வளைந்த பிறகே அவை முறிந்தன. குலுக்கத்தில் உண்மையான ஆபத்து இருக்கைப் பட்டை அணியாதவர்களுக்குத்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மருக்கு மேலே கடுமையாகக் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தனர். ஆனால் அந்த விமானம் பாங்காக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. எனவே பட்டை அணியச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பட்டையை அணிந்திருங்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். விமானத்தில் காதுக்கும் அதே கதிதான். மேலெழுந்த ஓரிரு நிமிடங்களில் இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்து, கீழே இறங்குவது போன்ற உணர்வு வரும். இன்ஜினின் உந்துவிசையைத் தேவையான அளவுக்குக் குறைக்கிறார்கள், அவ்வளவே. சக்கரங்கள் உள்ளே மடங்கும்போது காலடியில் தடாலென்று ஓசை கேட்கும். ஏர்பஸ் ஏ320 ரகமாக இருந்தால் தரையில் நிற்கும்போதே மரம் அறுப்பது போல் ஒரு சத்தம் வரும். அது ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன்செய்யும் கருவியின் சத்தம். காற்று போதாது என்ற கவலைக்கும் இடமில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்கு இணையானது. ஊட்டியும் கொடைக்கானலும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

இனி பயிற்சி. பயத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அது வளரும். கொஞ்சம் கொஞ்சமாக அதன் அருகே சென்று, அது தணியும்வரை அங்கேயே இருந்தால்தான் சிறுக்கும். முதலில் விமானம் புறப்படும் காணொளிகளைச் சத்தத்தோடு தினமும் பாருங்கள். சலிப்புத் தட்டும்வரை பாருங்கள். அடுத்ததாக, இதயநோய் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், வேகமாக மாடிப்படி ஏறி நெஞ்சு படபடக்கும்படி செய்து, ஒன்றும் செய்யாமல் அந்தப் படபடப்போடு உட்கார்ந்திருங்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்; உங்களைப் போல் தம் உடலையே அஞ்சுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சியை நான் சொல்லமாட்டேன். இரண்டாம் மாதத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒருமுறை விமானத்தில் சென்று, ரயிலில் திரும்புங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். விசிறி வைத்த சிறிய விமானமாக இருந்தால் சத்தமும் ஆட்டமும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அதுவும் நல்லதே.

பயணத்தின்போது பயம் வரும். வரக்கூடாது என்று எதிர்பார்த்து ஏறினால் வந்தவுடன் மனம் உடைந்துபோகும். வந்ததும் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். இறுக்கிய கைகளைத் தளர்த்தி, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். இறக்கையை ஒட்டிய வரிசைகளில் ஆட்டம் குறைவு. அடைபட்ட உணர்வு வருமென்றால் நடைபாதை ஓர இருக்கையைக் கேளுங்கள். முந்தைய நாளிலிருந்தே காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே பணிப்பெண்ணிடம், எனக்குப் பயம் உண்டு என்று சொல்லிவிடலாம். அவர்களுக்கு இது பழகிய விஷயம். பிரார்த்தனை செய்பவராக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சொல்வதை நிறுத்தினால் விமானத்துக்கு ஏதோ ஆகிவிடும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால், அது பக்தி அல்ல, பயத்தின் வேலை. மகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: தினமும் தொலைபேசியில் ஒன்றும் ஆகாது அம்மா என்று தேற்றுவது அன்றைக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் மறுநாளும் அதே ஆறுதலைத் தேடவைக்கும்.

மாத்திரைக்கு வருகிறேன். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவை பயத்தை மழுங்கடிக்கும். ஆனால் பயத்தோடு உட்கார்ந்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கற்றுக்கொள்வதையும் தடுத்துவிடும். விமானப் பயமுள்ளவர்களிடம் செய்யப்பட்டு 1997இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் பயணத்தில் அல்பிரசோலம் எடுத்துக்கொண்டவர்கள் அப்போது பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரையின்றிப் பறந்தபோதோ, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களிடமே பீதி அதிகமாகக் காணப்பட்டது. மேலும், மயக்கத்தில் அசையாமல் கிடப்பது கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். வேறு மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சை மந்தப்படுத்தவும் கூடும். இவ்வகை மாத்திரைகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடுகள் உண்டு. இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகும் உங்கள் மருத்துவரே எழுதிக் கொடுத்தால் அது வேறு. அப்போதும் முதல் முறையாக அதை விமானத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது.

சென்னைப் பயணத்தையே தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதாக உணர்ந்தால், பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளரைத் தாமதிக்காமல் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் சேவையின் 14416 எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. திரும்பி வருவதற்கான பயணச்சீட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள். துணைக்கு யாராவது வரட்டும் என்று காத்திருக்காமல், அந்தப் பயணத்தைத் தனியாகவே செய்யுங்கள்.