1969 டாட்ஜ் சார்ஜர், 1/25 அளவில்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சார்ஜர் ஆர்/டி-யின் (சார்ஜரிலேயே வேகமான வகை) பிளாஸ்டிக் மாடல் கிட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க மசில் கார்கள்தான் எனக்குத் தெரிந்த களம், அதிலும் டாட்ஜ் மாதிரியான கிரைஸ்லர் கம்பெனி வண்டிகள். விமானம், டாங்க், ஃபார்முலா ஒன் கேட்டவர்கள் அதில் ஊறியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அரைகுறையாகச் சொல்லி உங்கள் கிட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

புதியவன்: அண்ணா, ஒரே காருக்கு 1/24, 1/25 என்று இரண்டு அளவில் கிட் வருகிறது. எதை வாங்குவது?

எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் தம்பி, ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். 1/24 என்பது ஒரு அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு. மோனோகிராம், டமியா எல்லாம் அந்த வழி. 1/25 டெட்ராய்ட் வழி. 1950-களில் புது மாடல் வரும்போது ஷோரூம்களில் கொடுப்பதற்காகவே கார் கம்பெனிகள் சின்ன பிளாஸ்டிக் கார்களைச் செய்யச் சொல்வார்கள், அவை பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். அப்படிச் செய்துகொடுத்த ஏஎம்டி 1958-ல் அதையே நாமே கட்டும் கிட்டாக விற்க ஆரம்பித்தது, அதனால்தான் அமெரிக்கக் கார் கிட் என்றாலே இன்றும் பெரும்பாலும் 1/25. சார்ஜரின் வீல்பேஸ் (முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை) 117 அங்குலம், அதாவது 2972 மி.மீ. 1/25-ல் அது 119 மி.மீ., 1/24-ல் 124. ஐந்து மி.மீ. தானே என்று ஒன்றின் சேசிஸை இன்னொன்றின் பாடிக்குள் நுழைத்தால் சக்கரம் வளைவுக்கு நடுவில் நிற்கவே நிற்காது.

பரண்மேல்: பழைய கிட் ஒன்று கிடைத்தது, பெட்டி இல்லை. 68-ஆ 69-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்விளக்கைப் பாருங்கள். நான்கு வட்டங்கள் இருந்தால் 68, இரண்டு நீளப் பட்டைகள் இருந்தால் 69. கிரில்லின் நடுவில் ஒரு பிரிப்பு நின்றால் 69. பக்கவாட்டுச் சிறுவிளக்கு 68-ல் வட்டம், 69-ல் செவ்வகம். முகப்பு முழுக்க குரோம் பம்பர் வளையமாகச் சுற்றியிருந்தால் அது 70. ஆர்/டி-யின் வாலைச் சுற்றி வரும் பட்டையும் மாறியது: 68-ல் ஒரே அகலத்தில் இரண்டு, 69-ல் நடுவில் அகலமாக ஒன்று, அதன் இருபுறமும் மெல்லிய கோடு. டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தாள் மாறிப்போயிருந்தால் இதை வைத்தே பிடித்துவிடலாம்.

ஸ்பீடு: ஹாட் வீல்ஸ் சார்ஜரைப் பிரித்து மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

அது உலோக வார்ப்பு, ரிவெட்டைத் துளைத்துப் பிரிக்கும் வேலை. தனிக் கலை. அதைச் செய்பவர்களிடம் கேளுங்கள்.

மடிப்பாக்கம்: சார், கருப்பு லேக்கர் ஸ்ப்ரே அடித்தேன், காய்ந்ததும் ஆங்காங்கே வெளுத்துவிட்டது. டப்பா பழசா?

டப்பா மேல் குற்றமில்லை, ஐப்பசி மழைதான் காரணம். லேக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த வெள்ளை அதுதான். தேய்த்து எடுக்க வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு மதியம் பார்த்து, ஏர்பிரஷில் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துவது) கலந்த லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள், பெயின்ட் லேசாக இளகி ஈரம் வெளியேறி கருப்பு திரும்ப வரும். ஏர்பிரஷ் இல்லையென்றால் நன்றாகக் காயவிட்டு, ஈரமில்லாத நாளில் அதே கருப்பை மெல்லியதாக ஒரு கோட் அடித்தாலும் போதும். ஜன்னல் திறக்காத அறையில் லேக்கர் அடிக்காதீர்கள், முகத்தில் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இருக்கட்டும். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

அப்புறம் ஒன்று, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அடுத்த கோட், டீக்கால், ஃபாயில் எது போடுவதற்கு முன்னாலும் பாடியை மூக்குக்கு அருகில் வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. விரலுக்குக் காய்ந்திருப்பது வேறு, உள்ளே காய்ந்திருப்பது வேறு.

மெருகு: கிளியர் கோட் எத்தனை அடிப்பீர்கள்? நான் ஐந்து அடித்து, மைக்ரோமெஷ் 12000 வரை தேய்த்து, மூன்று வகை காம்பவுண்டும் போடுகிறேன்.

சார்ஜருக்கு நான் கிளியரே (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிப்பதில்லை, அல்லது டீக்காலைக் காப்பாற்ற ஒரே ஒரு மெல்லிய கோட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜக் காரில் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஐந்து, ஆறு மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 1/25-ல் அது கால் மி.மீ. கூட இல்லை. அந்தக் கோட்டின் இரண்டு சுவரிலும் ப்ரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.05 மி.மீ. ஏறினாலே பாதி இடைவெளி அடைந்துவிடும். பாடி மேல் 0.1 மி.மீ. பெயின்ட் என்பது நிஜக் காரில் இரண்டரை மி.மீ. பெயின்ட். அதனால்தான் அவ்வளவு உழைத்துப் பளபளக்கவைத்த கார் படத்தில் மட்டும் சோப்பில் செய்ததாகத் தெரிகிறது. கதவு பாடியோடு ஒட்டிப்போயிருக்கும், ஃபெண்டரில் இருக்கும் எழுத்து மேடாக மட்டும் நிற்கும், கதவுகளில் இருக்கும் அந்த இரட்டைக் குழிவின் விளிம்பு மழுங்கிவிடும். அந்தக் குழிவுதானே சார்ஜர்.

மெருகு: ஆனால் போட்டியில் ஜட்ஜ் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். மங்கலான காருக்கு யார் பரிசு தருவார்கள்?

மங்கலாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பளபளப்பு வேறு, தடிமன் வேறு. நிறத்தையே நன்றாக நீர்க்கவைத்து லெவலிங் தின்னரில் மெல்லிய கோட்களாக அடித்தால் கிளியர் இல்லாமலே பளபளக்கும். 1969-ல் தொழிற்சாலையிலும் கிளியர் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லேக்கர் அடித்தது, கிரைஸ்லரும் ஃபோர்டும் எனாமல். எனாமல் அடுப்பில் வெந்து வெளியே வரும்போது ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சுருக்கம் இருக்கும், அப்படியே டீலரிடம் போகும். அந்தச் சுருக்கம் 1/25-ல் கண்ணுக்கே தெரியாது என்பது நமக்கு வசதி, சீராக அடித்தாலே போதும்.

கேரேஜ்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இன்று அமெரிக்காவில் கண்காட்சிகளில் நிற்கும் நிஜ சார்ஜர்கள் எல்லாம் மறுசீரமைப்பில் கிளியர் அடித்தவை. அவை கண்ணாடியாகத்தானே இருக்கின்றன? அதைப் பார்த்துக் கட்டினால் தப்பா?

தப்பே இல்லை, நல்ல வாதம். நீங்கள் கட்டுவது எந்தக் கார் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் ஒரே கோரிக்கை. மறுசீரமைத்த கார் என்றால் அடிப்பாகமும் அப்படியே சுத்தமாக இருக்கட்டும், டயர் ரேடியலாக இருக்கட்டும். 1969-ல் டீலர் வாசலில் நின்ற கார் என்றால் கிளியர் இல்லாத எனாமல், சிவப்புக் கோடு போட்ட எஃப்70-14 டயர், கருப்பு பிளக் ஒயர். மேலே 2020, கீழே 1969 என்று கலந்து கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜட்ஜ் பரிசு தரலாம், அந்தக் காரை அறிந்தவர் பார்த்தால் வருத்தப்படுவார்.

மெருகு: சரி, மெட்டாலிக் நிறத்துக்காவது கிளியர் வேண்டும் அல்லவா? பி5 நீலம் அடிக்கப் போகிறேன்.

கம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் வேண்டும், இல்லையென்றால் உலோகத் துகளே தேய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். இரண்டு மெல்லிய கோட், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் மெட்டாலிக்கில் பெரிய பிரச்சினை துகள் அளவு. நிஜக் காருக்கான டச்சப் பெயின்ட்டை வாங்கி அடிக்காதீர்கள், அதன் துகள் 1/25-ல் இருபத்தைந்து மடங்கு பெரிதாகத் தெரியும், கார் முழுக்க ஜிகினா ஒட்டியதாகிவிடும். மாடலுக்கென்றே நுணுக்கி அரைத்த மெட்டாலிக் வாங்குங்கள்.

இரண்டு பாகம் கலக்கும் 2கே கிளியர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். வீட்டில் அடிக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வண்டிமாடு: எந்தப் பசை?

பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெண்ட், நீர்த்தது. ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். கண்ணாடிக்கு ஃபெவிகால்.

எட்டு_சிலிண்டர்: 440 இன்ஜினுக்கு ஒயர் போட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 440 என்பது 440 கன அங்குல வி8 இன்ஜின். நிஜ பிளக் ஒயரின் தடிமன் 7 மி.மீ., நமக்கு 0.28 மி.மீ. கடையில் கிடைக்கும் பல ஒயர்கள் அரை மி.மீ. இருக்கும், அதைப் போட்டால் இன்ஜின் மேல் ஹோஸ் பைப் ஓடுவதாகத் தெரியும். 0.3 மி.மீ. ஒயர், அதே அளவு டிரில் பிட், கையால் சுற்றும் பின் வைஸ். மோட்டார் டிரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

கிரைஸ்லரின் பெரிய பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) இன்ஜினின் முன்பக்கம், பயணி இருக்கும் பக்கமாக, அதாவது அமெரிக்கக் காரில் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். செவர்லேயில் பின்னால், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஒட்டி. இதை மாற்றி வைத்துவிட்டு ஒயர் எத்தனை அழகாகப் போட்டும் பயனில்லை. ஒற்றைப்படை சிலிண்டர்கள் டிரைவர் பக்கம், முன்னாலிருந்து 1, 3, 5, 7. இரட்டைப்படை பயணி பக்கம். எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் இடஞ்சுழியாக எண்ணிக்கொண்டு வாருங்கள். மூடியில் எட்டு துளை வட்டமாக, நடுவில் காயிலுக்கு ஒன்று. அந்த மூடி மூன்று மி.மீ. அகலம்தான் இருக்கும், அதனால் முதலில் ஊசி முனையால் ஒன்பது புள்ளி குத்திவிட்டுத் துளையுங்கள், பிட் வழுக்காது. ஒயரை எல்லாம் மூடியில் ஒட்டி நன்றாக இறுகிய பிறகு பிளக் பக்கம் வெட்டுங்கள், முன்பே அளந்து வெட்டினால் ஒன்றாவது குட்டையாகப் போகும்.

நிறம் கருப்பு. சிவப்பும் மஞ்சளும் ரேஸ் கடையில் வாங்கி மாட்டியவை.

சார்ஜரின் இன்னொரு இன்ஜினான ஹெமி கட்டுகிறீர்கள் என்றால் ஒயர் வேறு இடம் போகும், பிளக் வால்வ் கவரின் நடுவிலேயே இறங்கும். அந்தக் கவர் சுருக்கம் விட்ட கருப்பு. பளபள கருப்பு அடிக்காதீர்கள்.

ரோட்டோரம்: 440-க்கும் ஆரஞ்சுதானே?

69 சார்ஜரின் 440 மேக்னம் டர்க்காய்ஸ், அதாவது பச்சை கலந்த நீலம். ஆரஞ்சு ஹெமிக்கு. மூன்று கார்புரேட்டர் வைத்த 440-யும் ஆரஞ்சுதான், ஆனால் 1969-ல் அது கிரைஸ்லரின் வேறு கார்களான சூப்பர் பீக்கும் ரோட் ரன்னருக்கும் போனது, சார்ஜருக்கு 1970-ல்தான் வந்தது. கிட் தாளில் ஆரஞ்சு என்று போட்டிருந்தாலும் டர்க்காய்ஸே அடியுங்கள்.

புதியவன்: அண்ணா, அடிப்பாகம் முழுக்க கருப்பு அடித்துவிடலாமா?

சார்ஜருக்குத் தனி ஃபிரேம் கிடையாது, பாடியும் தரையும் ஒன்று. அதனால் தரையில் ப்ரைமர் நிறம், ஓரங்களில் பாடி நிறத்தின் சிதறல் உள்ளே மங்கிக்கொண்டே போவதாக அடியுங்கள். டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர் குழாய், பின் லீஃப் ஸ்பிரிங் எல்லாம் வெறும் எஃகு நிறம், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சாயல். கருப்பு ஃபிரேம் வேண்டுமென்றால் பான்டியாக் ஜிடிஓ, செவர்லே ஷெவெல் கட்டுங்கள், அவற்றுக்கு ஃபிரேம் உண்டு.

அலுமினியம்: ஃபெண்டரில் இருக்கும் சின்ன எழுத்தை வெள்ளியாக்குவது எப்படி? பிரஷ் வழுக்குகிறது.

பிரஷ் வேண்டாம். ப்ரைமர் அடித்த பிறகு, நிறம் அடிப்பதற்கு முன்னால், அந்த எழுத்தின் மேல் மட்டும் பேர் மெட்டல் ஃபாயில் (பின்னால் பசை உள்ள மெல்லிய உலோகத் தாள்) ஒரு துண்டு ஒட்டிப் பல்குச்சியால் அழுத்தி, சுற்றி வெட்டிவிடுங்கள். அதன் மேலேயே நிறம் அடியுங்கள். காய்ந்ததும் (முகர்ந்து பார்த்தீர்களா?) பல்குச்சி நுனியில் துணி சுற்றித் தின்னரில் தொட்டு எழுத்தின் மேல்மட்டத்தை மட்டும் தடவினால் நிறம் போய் அடியில் இருக்கும் ஃபாயில் மின்னும். பெட்ரோல் மூடிக்கும் இதுவே, அது இடது பின் ஃபெண்டரின் மேல்பக்கம் குரோமில் இருக்கும், நிறைய பேர் பாடி நிறத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டுநர்: கண்ணாடி ஒட்ட சூப்பர் க்ளூ போதுமா?

மேலே சொல்லிவிட்டேன். ஃபெவிகால். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

நாலாவது_கியர்: பசை, கிளியர் பற்றி…

மேலே படியுங்கள்.

தாழ்வாரம்: எல்லாம் சரியாகச் செய்தும் என் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

பல கிட்டில் இருக்கும் குறை. ஒரு நிஜக் காரை நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றைப் பிடியுங்கள். அதில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை ஸ்கேலால் அளந்து, 119-ஐ அந்த அளவால் வகுங்கள். இனி படத்தில் எதை அளந்தாலும் அந்த எண்ணால் பெருக்கினால் உங்கள் காருக்கான மி.மீ. வந்துவிடும். சக்கர வளைவின் உச்சியிலிருந்து தரை வரை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பெயின்ட் அடிப்பதற்கு முன்பே சேசிஸ், சக்கரம், பாடி மூன்றையும் டேப்பில் மாட்டிக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி ஒப்பிடுங்கள். முன்னால் அதிகமாக இருந்தால் ஸ்பிண்டிலை (முன் சக்கரம் மாட்டும் அச்சு) வெட்டி அந்த வித்தியாச அளவுக்கு மேலே நகர்த்தி ஒட்டுங்கள். பாடியின் வளைவை மட்டும் ராவாதீர்கள், அது சரியான வடிவில்தான் இருக்கிறது.