"வண்டி கிளம்பிடுச்சு" என்று சொல்லும் சப்ளையரை என்ன செய்வது?

சிறு தொழில் செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: சொன்ன நாளில் சரக்கு வருவதில்லை, வந்தாலும் சொன்னபடி இருப்பதில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பைகள் தைத்து விற்கிறேன். எனக்கு ஜிப் தருகிறவர் ஒருமுறைகூடச் சொன்ன தேதியில் தந்ததில்லை. போன் செய்தால் "வண்டி கிளம்பிடுச்சுக்கா" என்பார், இரண்டு நாள் கழித்துத்தான் உண்மையில் கிளம்பும். ஆனால் ஜிப் நல்ல ஜிப். விட்டுவிடலாமா, பொறுத்துப் போகலாமா?

பதில்: நிஜமாகவே ஒருமுறைகூட இல்லையா, அல்லது கோபத்தில் அப்படித் தோன்றுகிறதா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான் சின்னதாக ஒரு அச்சகம் நடத்திய காலத்தில் காகிதம் போட்டவரைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய சலான்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால், பதினொரு லோடில் ஏழு சரியான நாளில் வந்திருக்கிறது, தாமதமான நான்கும் மாதக் கடைசியில் நான் அவசரமாகக் கேட்டவை, அதிலும் மூன்று முறை முந்தைய பாக்கியை நான் தீர்க்கவே இல்லை. பாக்கி வைத்திருப்பவன் ஆர்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், திட்டுவதற்கும் அது பொருந்தும். ஒரு நோட்டு போடுங்கள். ஆர்டர் போட்ட தேதி, தருவதாகச் சொன்ன தேதி, வந்த தேதி, கேட்ட எண்ணிக்கை, வந்ததில் தேறிய எண்ணிக்கை, இவ்வளவு போதும். எட்டுப் பத்து லோடு எழுதிய பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எப்போதும் நான்கு நாள் தாமதம் என்றால் அது பெரிய பிரச்சினையே இல்லை, ஆர்டரை நான்கு நாள் முன்னால் போட்டுவிட்டால் முடிந்தது. ஒரு தடவை சொன்ன நாளில், மறு தடவை பன்னிரண்டு நாள் கழித்து என்று தாறுமாறாக வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அதற்காக நீங்கள் கையில் ஸ்டாக் வைத்தாக வேண்டும்.

எவ்வளவு வைப்பது? ஒரு நாளைக்குச் சராசரியாக 20 ஜிப் செலவாகிறது, மும்முரமான நாளில் 30 என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வரச் சராசரியாக 7 நாள், மிக மோசமான தடவை 12 நாள். மோசமான கணக்கில் 30-ஐ 12-ஆல் பெருக்கினால் 360. சாதாரணக் கணக்கில் 20-ஐ 7-ஆல் பெருக்கினால் 140. இரண்டுக்கும் இடையிலுள்ள 220 ஜிப்தான் ஆபத்துக்கு என்று எப்போதும் இருக்க வேண்டிய ஸ்டாக். மொத்த இருப்பு 360-க்கு இறங்கிய அன்றே அடுத்த ஆர்டர் போய்விட வேண்டும், தீரட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த 220 ஜிப்பில் முடங்கிக் கிடக்கும் பணம் இருக்கிறதே, அதுதான் இவருடைய தாமதத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை. அதை இவருடைய ரேட்டோடு சேர்த்துப் பார்த்து, அப்புறம் வேறு ஒருவருடைய ரேட்டோடு ஒப்பிடுங்கள். ஜிப் போன்ற சின்னப் பொருள் என்றால் பெரும்பாலும் இவரே தேவலை என்றுதான் வரும். கெட்டுப்போகிற பொருளோ, இடத்தை அடைக்கிற பொருளோ என்றால் கணக்கு மாறிவிடும்.

ஆனால் அந்த "கிளம்பிடுச்சுக்கா" வேறு விஷயம். தாமதமாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிற சப்ளையரை வைத்துத் தொழில் செய்துவிடலாம். கிளம்பாத வண்டியைக் கிளம்பிவிட்டது என்று சொல்பவரை நம்பி நீங்கள் உங்கள் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள், அவருடைய பொய் உங்கள் பொய்யாகிவிடுகிறது. அடுத்த முறை அப்படிச் சொன்னால் சண்டை போடாமல், "சரி, லாரி ரசீதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நான்காவது முறை அவரே, "நாளைக்குத்தான் ஏத்துறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: 100 பெட்டி கேட்டால் 60 தான் அனுப்புகிறார். "எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கிறேன்" என்கிறார். அதனால் இப்போதெல்லாம் 200 என்று ஆர்டர் போட்டுவிடுகிறேன். புத்திசாலித்தனம்தானே?

பதில்: நீங்கள் மட்டும் செய்தால் புத்திசாலித்தனம். உங்களைப் போலவே அவரிடம் வாங்கும் எல்லாரும் 200 என்று போடுகிறார்கள். அவர் அதைப் பார்த்து, அடேயப்பா என்று மேலே உள்ள ஆலைக்கு அதைவிடப் பெரிய ஆர்டரைத் தட்டிவிடுகிறார். சில வாரம் கழித்து எல்லா இடத்திலும் சரக்கு குவியும், அன்றைக்கு 200 பெட்டியும் உங்கள் வாசலில் வந்து இறங்கும்.

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, புல்விப் எஃபெக்ட், அதாவது சாட்டை விளைவு. கைப்பிடியை லேசாகச் சொடுக்கினால் நுனி எவ்வளவு தூரம் வீசுகிறதோ அப்படி. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்காரர்கள் குழந்தைகளுக்கான டயப்பர் ஆர்டர்களைப் பார்த்துக் குழம்பிப்போய் வைத்த பெயர் என்பார்கள். குழந்தைகள் என்னவோ சீராகத்தான் நனைக்கின்றன, ஆர்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 1997-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹவ் லீயும் அவருடைய சகாக்கள் இருவரும் இதற்கு நான்கு காரணங்களை எழுதினார்கள், அதில் ஒன்று நீங்கள் செய்வதுதான்: தட்டுப்பாட்டு நேரத்தில் தேவைக்கு மேல் பொய் ஆர்டர் போடுவது. அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று வாரவாரியாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்படியே வாங்குங்கள், சரக்கு தாராளமாகக் கிடைக்கிற காலத்திலும்கூட. பிரித்துக் கொடுக்கிற நாள் வரும்போது யாருடைய எண் உண்மையான எண் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: இரண்டாவதாக ஒரு சப்ளையரைப் பிடிக்கலாம் என்று பார்க்கிறேன். பழையவர் கோபித்துக்கொண்டு இருப்பதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கோபிக்கலாம். ஒரே காலில் நிற்பவருக்கு அந்தப் பயத்தோடுதான் பிழைப்பு.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 2000-ம் ஆண்டு மார்ச் 17, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகெர்கி நகரிலிருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் காரணமாகத் தீப்பிடித்தது. சின்னத் தீ, சில நிமிடங்களிலேயே அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிக்கும் அறையில் தூசியே ஆகாது, புகை புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. நோக்கியா, எரிக்சன் இரண்டுமே செல்போனுக்கான சிப்களை அங்கே வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் முதலில் கிடைத்த செய்தி ஒன்றுதான்: ஒரு வாரம் தாமதமாகும். நோக்கியாவினர் அதை அப்படியே விழுங்கவில்லை, தினமும் நிலவரம் கேட்டார்கள், நாட்கள் வாரங்களாக நீளப்போகிறது என்று தெரிந்ததும் மற்ற இடங்களில் என்னென்ன கிடைக்குமோ அதையெல்லாம் பிடித்தார்கள், சில சிப்களின் வடிவமைப்பையே மாற்றி வேறு இடத்தில் செய்ய வைத்தார்கள். எரிக்சன் ஒரு வாரம்தானே என்று இருந்துவிட்டது, முக்கியமான சில பாகங்களுக்கு அதனிடம் மாற்று சப்ளையரே இல்லை. சிப் கிடைக்காமல் எரிக்சனுக்குப் பெரிய நஷ்டம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் அடுத்த ஆண்டே எரிக்சன் தன் செல்போன் தொழிலை சோனியோடு சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கிக்கொண்டது.

அதனால் இரண்டாமவரைப் பிடியுங்கள், ஆனால் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. ஆபத்து வந்த அன்று முதல்முறையாகப் போய் நின்றால் அவருக்கு நீங்கள் யாரோ. நூற்றுக்கு எழுபது பழையவருக்கு, முப்பது புதியவருக்கு என்று மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்துவாருங்கள். பழையவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், மூன்றாவது ஆள் வாயால் தெரிந்தால்தான் மனஸ்தாபம். அப்புறம், பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: இரண்டு பேரும் ஒரே ஆலையிலிருந்து வாங்கித்தான் உங்களுக்கு விற்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு சப்ளையர் இல்லை, ஒரே சப்ளையருக்கு இரண்டு போன் நம்பர்.

கேள்வி: சாம்பிள் அருமையாக இருக்கிறது, லோடு வந்தால் வேறு எதுவோ வருகிறது. கேட்டால் "சாம்பிளும் இதேதான் சார்" என்கிறார்.

பதில்: சாம்பிள் உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் அவர் சொல்வதுதான் சாட்சி. இனி ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள், இரண்டிலும் இருவரும் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒன்றை நீங்களும் ஒன்றை அவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டரில் "நல்ல தரம்" என்று எழுதாதீர்கள். கனம், நீளம், நிறம், எடை, எத்தனை சதவீதம் கழிந்தால் முழு லோடும் திரும்பும் என்று எழுதுங்கள். சரக்கு இறங்கும்போது மேலே இருக்கும் பெட்டியை மட்டும் திறந்து பார்க்காதீர்கள், அது உங்களுக்காகவே மேலே வைக்கப்பட்டது. நடுவிலும் அடியிலும் இழுத்துப் பாருங்கள். குறைவோ டேமேஜோ இருந்தால் சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதன் மேலேயே எழுதிவிடுங்கள், டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போன் செய்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கேள்வி: முழுப் பணமும் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். இப்போது போனையே எடுப்பதில்லை.

பதில்: இனி போன் வேண்டாம், எல்லாம் எழுத்தில். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன வர வேண்டும், எந்த நாளுக்குள் சரக்கோ பணமோ வர வேண்டும் என்று ஒரு கடிதம், மெயிலிலும் வாட்ஸப்பிலும் ஸ்பீடு போஸ்டிலும். அந்த நாள் தாண்டியதும் வக்கீல் நோட்டீஸ். மிரட்டல் மெசேஜ் எதுவும் அனுப்பிவிடாதீர்கள், அது உங்களுக்கே திரும்பும். நேரில் போய்ப் பார்ப்பதும் நல்லதுதான், மறைந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, பணத்தை வேறு எங்கோ போட்டுவிட்டு முழிப்பவர்கள், அவர்களிடம் தவணை பேசலாம். அடுத்த சப்ளையருக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, சரக்கு தயாரானதைப் பார்த்த பிறகு ஒரு பங்கு, இறக்கிச் சரிபார்த்த பிறகு மீதி.

கேள்வி: என் சப்ளையர் என் சொந்த மச்சான். கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பதில்: அந்த நோட்டை அவருக்கும் போடுங்கள். "நீ லேட் பண்றே" என்று சொன்னால் குடும்பச் சண்டை, "மச்சான், போன மாசம் நாலு லோடுல மூணு லேட், இந்தா பாருங்க" என்றால் கணக்கு. அதற்கும் மசியவில்லை என்றால், தாமதமானாலும் தாங்கக்கூடிய பொருளை மட்டும் அவரிடம் வாங்குங்கள், முக்கியமானதை வெளியில். காரணம் கேட்டால் "அவங்க முப்பது நாள் கடன் தர்றாங்க" என்று சொல்லிக்கொள்ளுங்கள், அது உண்மையாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சப்ளையர் கைவிட்டுவிட்டார், நாளை மறுநாள் டெலிவரி. வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்வதா, கடைசி வரை முயன்று பார்ப்பதா?

பதில்: இப்போதே சொல்லிவிடுங்கள், இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன். எவ்வளவு தயார், மீதி எந்தத் தேதி, வேண்டாம் என்றால் பணம் திரும்ப, இந்த மூன்றையும் ஒரே மெசேஜில். தேதி மட்டும் சப்ளையர் சொன்ன தேதியாக இருக்கக் கூடாது, உங்கள் நோட்டில் இருக்கும் மோசமான தேதியாக இருக்கட்டும்.