அமெரிக்காவில் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எந்தச் சின்ன பிஸ்டல் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் ஹூஸ்டனில் இருக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் காருக்கு நடக்க வேண்டியிருக்கிறதாம். இருப்பதிலேயே சின்னதாக, வெளியே தெரியாததாக ஒன்று சொல்லுங்கள் என்கிறார். நானும் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பதினாறு வருடமாக இருக்கிறேன். "இருப்பதிலேயே சின்னது" என்று கேட்டு வாங்கி, கையைக் கெடுத்துக்கொண்டு, பாதி விலைக்கு விற்றவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

துப்பாக்கிக்கு முன்னால் விசா. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். தண்டனை 15 வருடம் வரை போகலாம், அதற்கு மேல் நாடு கடத்தலும் இருக்கிறது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பும்போது இந்தக் கேள்வி நேராகவே வரும். பொய் சொல்ல வேண்டாம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடையில்லாத 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். ஆனாலும் எல்டிசி என்ற, துப்பாக்கி எடுத்துப் போவதற்கான லைசென்ஸை வாங்கிவிடுங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் உதவும். அதைவிட, அந்த வகுப்பில் எங்கெல்லாம் எடுத்துப் போகக்கூடாது என்று நாலு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்வார்கள். சுடும் தேர்வில் 3, 7, 15 கஜம் என்று மூன்று தூரத்தில் மொத்தம் 50 தோட்டா. 250க்கு 175 எடுத்தால் போதும். பார்க்கச் சுலபம்தான், பாக்கெட் பிஸ்டலோடு போகாதவரை.

இப்போது என் கதை. முதல் துப்பாக்கியின் பெயரைச் சொல்லவில்லை. 300 கிராமுக்கும் குறைவு, .380 தோட்டா (9 எம்எம்மைவிட வலு குறைந்த ரகம்), ஆறு குண்டு. கடைக்காரர் என் உள்ளங்கையில் வைத்ததும் விழுந்துவிட்டேன். பழைய நோக்கியா போனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "இது போதும் அண்ணே" என்று என்கூட வந்த தம்பி வேறு சொன்னான். அன்று மாலையே ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனேன். முதல் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) முடியும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எரிய ஆரம்பித்தது. முப்பதாவது தோட்டாவில் நிறுத்திவிட்டேன். 7 கஜத்தில் தட்டு அளவுக் காகிதத்தில் பாதிதான் பட்டிருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி பெரிய 9 எம்எம் பிஸ்டலை வைத்துக்கொண்டு ஒரே ஓட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது அது பின்னால் தள்ளும் உதை அவ்வளவு கையில் இறங்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது காற்றில் தொங்கும். ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி, சின்னது, லேசு. அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங் கெட்டியாக வைக்கிறார்கள், எனவே பின்னுக்கு இழுக்கவும் பலம் வேண்டும். குறிபார்க்கும் முனைகள் மூக்குத்தி அளவு. "சின்னது, புதிதாகக் கற்பவருக்குச் சரியாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படியே தலைகீழ். மனைவிக்குச் சின்னதாக வாங்கித் தருகிறேன் என்று கிளம்பும் கணவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் மனைவியையே ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் வாடகைக்கு நாலைந்து எடுத்துச் சுட விடுங்கள், எது வேண்டும் என்று அவரே சொல்வார்.

பின் ஏன் பாக்கெட் பிஸ்டல்? ஹூஸ்டன் வெயில்தான் காரணம். ஜூலையில் ஷார்ட்ஸும் டி-ஷர்ட்டுமாகத் திரியும்போது பெல்ட்டில் எதைக் கட்டினாலும் பிதுங்கித் தெரியும். இங்கே அதை "பிரிண்ட் ஆகிறது" என்பார்கள். பாக்கெட்டில் இருந்தால் பர்ஸோ போனோ என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு வசதி, காருக்கு நடக்கும்போது கையைப் பாக்கெட்டில் விட்டபடியே போகலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காரில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது. சாவியை எடுத்துப் பாருங்கள், புரியும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று 13க்கு 10.5 செ.மீ., இன்னொன்று 15க்கு 11 செ.மீ. முதலாவது ரூகர் எல்சிபி மேக்ஸ் வகையின் அளவு, இரண்டாவது சிக் பி365 வகை. நீங்கள் தினமும் போடும் பேண்ட் எல்லாவற்றிலும் போட்டு, உட்கார்ந்து எழுந்து, கை விட்டு எடுத்துப் பாருங்கள். எனக்கு ஐந்து பேண்டில் இரண்டில்தான் பெரிய அட்டை நுழைந்தது. ஜீன்ஸில் நுழைந்தது, ஆனால் கையோடு சேர்த்து வெளியே வரவில்லை. துப்பாக்கியைப் பிடித்த கை, வெறும் கையைவிடப் பெரிது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். பெரிய அட்டை உங்கள் பாக்கெட்டில் நுழைந்தால், யோசிக்காமல் 2018ல் வந்த பி365 பக்கம் போங்கள். 9 எம்எம், பத்துத் தோட்டா, எடை அரைக் கிலோ. அந்த எடை பாக்கெட்டை இழுக்கும், நல்ல பெல்ட் வேண்டும். ஆனால் சுடுவதற்கு அது ஒரு முழுத் துப்பாக்கி மாதிரியே நடந்துகொள்ளும். சின்ன அட்டைதான் நுழைகிறது என்றால் இன்றைய தேதியில் என் பார்வையில் இரண்டே இரண்டு. ஒன்று 2021ல் வந்த ரூகர் எல்சிபி மேக்ஸ்: .380, 10 தோட்டா, சுமார் 300 கிராம், இரவில் தெரியும் முன்குறி. மற்றது ஸ்மித் அண்ட் வெஸனின் பாடிகார்ட் 2.0, 2024ல் வந்தது, எடையும் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே அளவு. கையில் எது ஒட்டுகிறதோ அதை எடுங்கள். நான் வைத்திருப்பது மேக்ஸ், காரணம் அந்த முன்குறி மட்டும்தான். கிளாக் 42 பற்றியும் கேட்பீர்கள். 390 கிராம், ஆறு தோட்டா. இந்தக் கூட்டத்திலேயே சுடுவதற்கு மிருதுவானது அதுதான், உதை பிடிக்காதவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

பழைய எல்சிபி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வரிசை எண்ணைப் பாருங்கள். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008ல் ஒரு தொகுதியை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. விற்பவர் கையில் இருப்பது சரிசெய்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்லைடை இழுக்கக் கையில் பலமில்லை என்றால் ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் 642, ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது, குளிர்காலக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியேகூடச் சுடலாம். ஆனால் ட்ரிக்கர் கனம், உதையும் அதிகம். என் நண்பர் ஒருவர் இருபது வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறார், "மாட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லாத எந்திரம்" என்பார்.

.380 போதுமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908ல் வந்த தோட்டா அது, 9 எம்எம்மைவிட வலு குறைவு, அவ்வளவுதான். பட்டதும் விரியும்படி முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டுகளில் சில விரிந்தால் ஆழம் போவதில்லை, சில விரிவதே இல்லை. பரிசோதனை முடிவுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே தோட்டாவில் ஒரு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். சின்ன எந்திரங்கள் தீனி விஷயத்தில் ரொம்பப் பிகு பண்ணும். .380 தோட்டா 9 எம்எம்மைவிட விலை அதிகம் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உறை. துப்பாக்கியைவிட இதில்தான் ஆட்கள் சொதப்புகிறார்கள். உறையில்லாமல் பாக்கெட்டில் போடவே கூடாது. ட்ரிக்கரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாமல் மறைக்க வேண்டும், எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். மூன்றாவதில்தான் நான் கோட்டைவிட்டேன். வழவழப்பான ஒரு தோல் உறை வாங்கி, தோட்டாவெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியோடு ஹாலில் பழகினேன். வேகமாக எடுத்தேன், உறையும் சேர்ந்து வந்தது. சோஃபாவிலிருந்து மனைவி, "அவன்கிட்ட ஒரு நிமிஷம் இருப்பான்னு சொல்லிட்டு உறையைக் கழட்டுவீங்களா?" என்றாள். மறுநாளே ரப்பர் மாதிரி ஒட்டும் வெளிப்புறமுள்ள ஒன்றுக்கு மாறிவிட்டேன்.

அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சாவி, சில்லறை, பேனா, ஒன்றும் கூடாது. ட்ரிக்கருக்குள் சாவி நுழைந்து காலில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை பஞ்சும் தூசியும் தட்டுங்கள், பாக்கெட்டில் இவ்வளவு குப்பை இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் பூட்டுப் பெட்டிக்குள். பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சஸில் அது உங்கள்மேல் வழக்கு.

கோவிலுக்கு நான் எடுத்துப் போவதில்லை. பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்கு வேட்டியில் போகிறவனுக்குப் பாக்கெட் ஏது? பள்ளிக்கூடம், நீதிமன்றம், 51% என்று சிவப்பில் எழுதிய (வருமானத்தில் பாதிக்குமேல் மதுவிலிருந்து வரும்) பார், துப்பாக்கியை மறைத்து எடுத்து வரக்கூடாது என்னும் 30.06 பலகை மாட்டிய கடை, இங்கெல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டும்.

லேசாக இருப்பதால் வரும் ஆபத்து ஒன்று மிச்சம்: மறந்துவிடுவீர்கள். 2023ல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வரிசைகளில் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை. தோட்டா அதைவிட மோசம். பையின் மூலையில் உருண்டு கிடக்கும் ஒரே ஒரு .380 தோட்டாவோடு சென்னையில் போய் இறங்கினால், அங்கே ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ஊருக்குப் போன முதல் நாளே காவல் நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். அதனால் ரேஞ்சுக்கு எடுத்துப் போகவென்று பார்க்கவே சகிக்காத ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன். முறுக்கு கட்ட வேறு பை கிடைக்காவிட்டாலும் என் மனைவி அதைத் தொடமாட்டாள்.