பதவி உயர்வை வேண்டாம் என்றேன், வருத்தமே வரவில்லை!

கேள்வி: கணக்குப் பிரிவில் 28 வருடமாக இருக்கிறேன், வயது 53. ஒரு காலத்தில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகக் கிளம்புவேன். போன வருடம் பதவி உயர்வு தேடி வந்தும் வேண்டாம் என்றுவிட்டேன், வருத்தம்கூட வரவில்லை. புது மென்பொருள் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கணக்கு 900 உதைத்தது, மாலை வரை தேடினாள். 5,400-ஐ 4,500 என்று பதிந்திருந்ததை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அன்று மட்டும்தான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: சோம்பல் என்றால் அந்தப் பெண்ணின் மேசைப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 900 என்றதுமே அது 9-ஆல் வகுபடுகிறதே, எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று உங்கள் கண் தானாகத் தேடியிருக்கும், இல்லையா? அது 28 வருடம் உட்கார்ந்து வந்த கண். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1963-ல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: புதுப் புதிரைச் சட்டென்று அவிழ்ப்பது ஒன்று, அனுபவத்தில் சேர்ந்துகொண்டே வருவது இன்னொன்று. முன்னது இளவயதில் உச்சம் தொட்டு மெல்லக் குறையும், பின்னது வெகுகாலம் வளரும். நீங்கள் இப்போது இரண்டாவதை வைத்து வேலை செய்கிறீர்கள், அதனால்தான் சொல்லித் தருவது இனிக்கிறது.

25 வயதில் 'உங்களால் முடியும்' என்று நாலு பேர் சொல்ல வேண்டியிருந்தது, அதற்காக ராத்திரி வரை உட்கார்ந்தீர்கள். இப்போது அது உங்களுக்கே தெரியும், அப்புறம் எதற்கு அந்த நாற்காலி?

ஆனால் மென்பொருள் விஷயத்தில் உங்கள் பக்கம் பேச மாட்டேன். அது வெறும் பயம். பதவி உயர்வை வேண்டாம் என்றதும் அந்தப் பயத்தால்தானா என்று ஒருமுறை தனியாக உட்கார்ந்து யோசியுங்கள், ஆம் என்றால் அந்த முடிவை மறுபடி பார்க்கலாம், தப்பில்லை. இல்லை என்றால் நிம்மதியாக விடுங்கள். எப்படியானாலும் மென்பொருளைக் கற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடத்தில் நீங்கள் சொல்லித் தருவது யாருக்கும் பயன்படாது. தினமும் அரை மணி நேரம் அதே பெண்ணிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவாள்.

அப்புறம் மேலாளரிடம் பேசுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி தருவதை உங்கள் வேலையாகவே எழுத்தில் போடச் சொல்லுங்கள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று.