அப்பாவுக்கு டி.பி.எஸ்.: உள்ளே என்ன வைப்பார்கள், எந்த பேட்டரி வாங்குவது?

காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பல வருடமாகப் பார்க்கின்சன், மாத்திரை போட்டாலும் முன்னைப் போல நேரம் தாங்குவதில்லை, பெங்களூரில் டி.பி.எஸ். (மூளைக்குள் ஒயர் வைத்து, மின்சாரம் விட்டு நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும் கருவி) வைக்கலாம் என்கிறார்கள். உடம்புக்குள் என்னென்ன இருக்கும், சார்ஜ் போடும் பேட்டரி வாங்கலாமா, அப்பா திரும்ப மாந்தோப்பு வேலை பார்க்கலாமா என்பது கேள்வி.

மூளைக்குள் போவது மெல்லிய ஒயர் மட்டும்தான், தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர் இருக்கும், நுனியில் நான்கோ எட்டோ உலோக முனைகள். எந்த முனையில் எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதை ஆபரேஷனுக்கு அப்புறமும் வெளியிலிருந்தே மாற்றலாம். அதனால்தான் முதல் சில மாதம் திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள், பஸ் செலவைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள், பாதிப் பலன் அங்கேதான் இருக்கிறது. மண்டையோட்டுத் துளையில் ஒரு சின்ன மூடி ஒயரை நகராமல் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து இன்னொரு ஒயர் தோலுக்கடியில் காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாக மார்புக்கு வரும். காதுக்குப் பின்னால் மேடாகத் தெரிவது இரண்டும் சேரும் இடம். அங்கே சிவந்தாலோ நீர் கசிந்தாலோ மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் உடனே போங்கள், கிருமி ஒயரைப் பிடித்தால் வைத்ததையெல்லாம் வெளியே எடுக்க நேரலாம்.

காறை எலும்புக்குக் கீழே வைக்கும் பெட்டிதான் நீங்கள் தினமும் கவனிக்க வேண்டியது. பேட்டரி அதற்குள்தான். சார்ஜ் போடாத வகை பொதுவாக 3 முதல் 5 வருடம் ஓடும், தீர்ந்ததும் மார்பைத் திறந்து பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், மூளையைத் தொட மாட்டார்கள். சார்ஜ் போடும் வகை 15 வருடம் வரை போகும், விலை கூடுதல். விலையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சார்ஜர் வட்டை பெட்டிக்கு நேராக, தோலுக்கு மேலே சரியாக வைத்து உட்கார வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஏறாது, அப்பா கை நடுங்கும்போது அதை யார் பிடித்து வைப்பது? நீங்கள் ஓசூரில் வேலைக்குப் போய், அம்மாவுக்கும் கண் மங்கலாக இருந்தால், சார்ஜ் போடாத வகையே நல்லது என்பேன். பேட்டரி திடீரென நின்றால் நடுக்கமும் இறுக்கமும் மொத்தமாகத் திரும்பி வரும், சிலருக்கு ஆபத்தாகவே முடியும். சார்ஜ் வகைதான் என்று முடிவானால், கரண்ட் போகும் ஊரில் சார்ஜரை எப்போதும் முழுதாக ஏற்றி வையுங்கள்.

புண் ஆறி டாக்டர் சரி என்றதும் தோப்புக்குப் போகலாம். ஆனால் மருந்தடிக்கும் டேங்க் பட்டை பெட்டிக்கும் ஒயருக்கும் மேலேயே அழுத்தும், அதை இனி வேறு யாராவது மாட்டட்டும். வெல்டிங் நடக்கும் இடத்தில் நிற்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மூட்டுவலிக்கு பிசியோதெரபி போனால் டயதெர்மி என்ற கரண்ட் சூடு கொடுப்பார்கள், அதையும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் உடம்பில் எந்த இடத்திலும் வைக்கவே கூடாது. முழங்காலில் கொடுத்தாலும், கருவியை அணைத்திருந்தாலும், சூடு ஒயர் வழியாக மூளை நுனிக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதும் மாடலைப் பொறுத்தது. ஆஸ்பத்திரியில் தரும் அடையாள அட்டையை அப்பா சட்டைப் பையில் வையுங்கள், போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.