டெங்கு வைரசை உடல் முதலில் எப்படி அறிகிறது?

முன்பு ஒருபோதும் டெங்கு வராத ஒருவரின் உடல் அந்த வைரசை எவ்வாறு இனங்காண்கிறது என்பதே கேள்வி. மாரி தொடங்கி நுளம்பு பெருகும் காலத்தில் மட்டக்களப்பில் பலரும் கேட்பதுதான்.

பிறவியிலேயே உடலில் அமைந்த முதற்காப்பான உள்ளார்ந்த நிர்ப்பீடனத்துக்கு டெங்கு, இன்புளுவன்சா என்ற பெயர் வேறுபாடு தெரியாது. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் பொருளையே அது தேடுகிறது. டெங்கு வைரசு கலத்தினுள் தன்னைப் படியெடுக்கும்போது, இரு இழைகள் பிணைந்த நீண்ட ஆர்.என்.ஏ. (வைரசின் மரபுத் தகவலைத் தாங்கும் மூலக்கூறு) உருவாகிறது. எமது கலங்களின் குழியவுருவில் (கருவுக்கு வெளியே உள்ள பகுதியில்) அத்தகையது பொதுவாகக் காணப்படாததால், ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 ஆகிய உணரிப் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணியின் மேற்பரப்பு வழியாகக் கலக் கருவுக்குச் செய்தி அனுப்ப, கலம் இன்டர்பெரோன் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது.

1957இல் விஞ்ஞானிகளான ஐசாக்சும் லின்டன்மானும் கண்டறிந்த இந்த இன்டர்பெரோன், வைரசை நேரடியாகக் கொல்வதில்லை. (பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இது.) அயற்கலங்களை அது எச்சரிக்கிறது, அவை நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரசு நுழைந்தால் புரத உற்பத்தியையே நிறுத்தவும் ஆர்.என்.ஏ.யைத் துண்டாடவும் ஆயத்தமாகின்றன. தொற்றிய கலங்களை இயற்கைக் கொல்லிக் கலங்கள் அழிக்கின்றன. காய்ச்சலும் உடல் உளைவும் பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் விளைவுகளே.

டெங்குவும் சும்மா இருப்பதில்லை: அதன் என்.எஸ்.5 என்னும் புரதம், இன்டர்பெரோனின் செய்தியைக் கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்2 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது.